பதினெட்டுச் சட்டத்துப் படம்

இப்போதெல்லாம் ஒரு படம் வெளியான அன்றைக்கே ஆளாளுக்கு நட்சத்திரம் போட்டுவிடுகிறார்கள். என் அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் இரண்டரை கொடுத்த படத்துக்கு எதிர் மேஜைக்காரி நாலு கொடுப்பாள். அன்று முழுக்க இருவரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். என்னைக் கேட்டால் நான் நட்சத்திரம் சொல்வதில்லை. "எட்டுச் சட்டம் தாங்கும்" என்பேன். அவர்களுக்குப் புரியாது. புரியாவிட்டால் அது அவர்கள் பாடு. நான் படத்தை எடைபோடக் கற்றது எங்கள் ஊர்த் தீப்பெட்டி ஆபீசில். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

கோவில்பட்டியிலிருந்து எப்போதும்வென்றான் பக்கம் போகும் சாலையில் ஒரு விலக்கு வரும். அங்கே இறங்கி, பருத்தியும் உளுந்தும் விளைகிற கரிசலுக்கு நடுவே மூன்று கிலோமீட்டர் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். ஊருக்கு ஒரே ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலை. யாரும் அதைத் தொழிற்சாலை என்று சொன்னதில்லை, ஆபீஸ்தான். என் அத்தை, அதாவது என் அப்பாவின் தங்கை, அந்த ஆபீசில் சட்டம் அடுக்கினாள். மரச்சட்டத்துக்குள் பள்ளம் பள்ளமாக வெட்டிய பட்டைகளை வைத்து, பள்ளத்துக்கு ஒரு குச்சி அடுக்கி, பட்டை மேல் பட்டையாக ஏற்றி இறுக்கினால் ஒரு சட்டம் முடிந்தது. ஆண்கள் அதைத் தூக்கிப்போய் வேறொரு கொட்டகையில் மருந்தில் முக்குவார்கள். காலையிலிருந்து சாயந்தரம் வரைக்கும் நாற்பது பெண்கள் குனிந்து குச்சி அடுக்கிக்கொண்டே இருப்பார்கள். கைக்குத்தான் வேலை. வாயும் காதும் சும்மா இருந்தன.

அந்த நாற்பது ஜோடிக் காதுகளுக்கும் சொந்தக்காரி என் அத்தை. அவள்தான் கதைக்காரி. ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டிக்குப் போய் மேட்னி பார்த்துவிட்டு வந்து, திங்கட்கிழமை காலையில் ஆரம்பிப்பாள். டிக்கெட் எடுத்துக் கொடுப்பது அந்தப் பெண்கள்தான். அவர்கள் எல்லோரும் போக முடியாது. வீடு இருக்கிறது, ஆடு இருக்கிறது, புருஷன் இருக்கிறான். அதனால் ஊரின் சார்பாக ஒரு ஆளை அனுப்பிப் பார்த்துவரச் செய்தார்கள். அவள் சொல்லும்போது கை மெதுவாகிவிடும் என்பதால், இந்தப் பக்கம் இருப்பவளும் அந்தப் பக்கம் இருப்பவளும் அவள் சட்டத்தில் ஆளுக்குக் கொஞ்சம் அடுக்கிக் கொடுப்பார்கள். கணக்கப்பிள்ளை இதைப் பார்த்தும் பாராதவர்போல இருப்பார். அவருக்கும் கதை கேட்க வேண்டியிருந்தது.

ஒரு படம் எத்தனை சட்டம் அடுக்கும் வரைக்கும் தாங்குகிறதோ அதுதான் அதன் தரம். பாட்டும் சண்டையும் மட்டும் இருந்தால் நாலு சட்டத்தில் தீர்ந்துபோகும். "சப்பைப் படம்" என்று தள்ளிவிடுவார்கள். பத்துச் சட்டம் என்றால் நல்ல படம். பதினைந்தைத் தாண்டினால் அதைப்பற்றிப் பொங்கல் வரைக்கும் பேச்சு ஓடும். ஜன்னல் பக்கத்து வரிசை சுருட்டைமுடி நடிகரின் கட்சி. சுவர் பக்கத்து வரிசை மீசைக்காரரின் கட்சி. மீசைக்காரர் அழுதால் பார்க்கச் சகிக்கவில்லை என்று ஜன்னல் பக்கத்தில் ஒருத்தி சொல்லிவிட்டதற்காக, சுவர் பக்கத்துக்காரி இரண்டு நாள் அவளுக்குத் தண்ணீர்ச் செம்பை நகர்த்தவில்லை. ஆனால் இரண்டு வரிசையும் தகராறு இல்லாமல் ஒப்புக்கொண்ட விஷயம் ஒன்று இருந்தது. அத்தை சொன்னால் படம் அப்படித்தான்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே ஆபீசுக்குப் போய், ஜன்னலுக்கு வெளியே நிற்கும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வேன். உள்ளே போகக்கூடாது. பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை என்று வாசலில் பெரிதாகப் பலகை தொங்கியது. வெளியிலிருந்தால் என்ன, கதை ஜன்னல் கம்பியில் நிற்குமா? அத்தையின் குரல் தெளிவாகக் கேட்கும். அது என் அத்தை என்பதில் எனக்கு இருந்த பெருமையை எப்படிச் சொல்வது? வகுப்பில் யாராவது என்னோடு சண்டைக்கு வந்தால், "அந்தப் படத்தோட முடிவ ஒனக்குச் சொல்ல மாட்டேன்" என்பேன். சண்டை அதோடு முடிந்துவிடும்.

அந்த வருஷம் ஆடி முடிந்து ஒரு படம் வந்தது. மெல்லிசைக் குழுவில் பாடும் ஒரு பெண்ணின் கதை. பெரிய வீட்டுப் பையன் அவள் பாட்டில் மயங்கி, அவளைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறான். அவன் அம்மா ஒரு நிபந்தனை போடுகிறாள்: கழுத்தில் தாலி ஏறினால் அவள் மேடை ஏறக்கூடாது. இதற்கு மேல் என்ன ஆகும் என்று நாற்பது பேரும் தவித்துக்கொண்டிருந்தபோது அத்தை ஒரு நாள் முழுக்க இழுத்து, கடைசியில் இப்படி முடித்தாள். முகூர்த்த நேரத்தில் போன் வருகிறது. அவள் இல்லாமல் ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் கச்சேரி நின்றுபோய், ஜனங்கள் நாற்காலியைத் தூக்குகிறார்கள், குழுவில் உள்ளவர்களை அடிக்கப் போகிறார்கள். அவள் மணையிலிருந்து எழுந்து, கூறைப்புடவையோடு வந்து மேடை ஏறிப் பாடுகிறாள். பின்னாலேயே தாலியோடு ஓடிவந்த மாப்பிள்ளையைப் பார்த்து, பாட்டு முடியட்டும், அங்கேயே நில்லு என்று கையைக் காட்டுகிறாள். அவன் நிற்கிறான். பாட்டு முடிந்ததும் அவள் குழுவோடு வேனில் ஏறி அடுத்த ஊர்க் கச்சேரிக்குப் போய்விடுகிறாள். வேண்டுமென்றால் அவன் பின்னால் வரட்டும்.

பதினெட்டுச் சட்டம். அந்த ஆபீசில் அதுவரை எந்தப் படமும் அந்த இடத்தைத் தொட்டதில்லை. சுவர் பக்கமும் ஜன்னல் பக்கமும் சேர்ந்து பெருமூச்சு விட்டதை நான் மரத்தடியிலிருந்து கேட்டேன்.

வினை புதன்கிழமை வந்தது. டவுன் மதினி என்று எல்லோரும் கூப்பிடும் ஒருத்தி இருந்தாள். கோவில்பட்டியிலிருந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை, தாலிக்கயிற்றில் மஞ்சள் இன்னும் மங்கவில்லை. ஆபீசுக்கு வந்து சேர்ந்ததும் அப்போதுதான். அம்மா வீட்டுக்குப் போயிருந்தவள் புதன்கிழமை திரும்பி வந்து சட்டத்தின் முன்னால் உட்கார்ந்ததும், பக்கத்திலிருந்தவள் ஆசை ஆசையாக அவளுக்கு அந்த முடிவைச் சொல்லியிருக்கிறாள்.

"எந்தப் படத்தச் சொல்லுதீய? அந்தப் பாட்டுக்காரி படமா? நான் எங்கக்காகூட பாத்தம்லா. அவ எங்க வேன்ல போனா? மாமியாக்காரி கால்ல விழுந்து, மைக்க ஒடச்சுப் போட்டுட்டு, தாலி கட்டிக்கிட்டாள்லா" என்றாள்.

குச்சி பட்டையில் விழும் சத்தம் நின்றுபோனது. நான் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அத்தை தலையை நிமிர்த்தவில்லை. காதோரம் சிவந்திருந்தது மட்டும் தெரிந்தது.

சண்டை பெரிதாகிவிட்டது. டவுன்காரி அப்படித்தான் சொல்வாள் என்றாள் ஒருத்தி. நம்ம டிக்கெட்டில் போய் நமக்கே கதை விட்டாளோ என்று இன்னொருத்தி முணுமுணுத்தாள். அந்த முணுமுணுப்புத்தான் என்னைப் பயமுறுத்தியது. அத்தை சொன்னது பொய் என்று ஆகிவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து டிக்கெட் டவுன் மதினிக்குப் போகும். அத்தை ஆட்டுக்குப் பின்னால் போக வேண்டியதுதான். அப்பா அவளை டவுனுக்கு விடுவதே ஆபீஸ்காரிகள் எல்லோரும் சேர்ந்து அனுப்புகிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காகத்தான். இதெல்லாம் பத்து வயதில் எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

கடைசியில் டவுன் மதினியே ஒரு வழி சொன்னாள். படம் இன்னும் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை அத்தையோடு அந்தப் பிள்ளையும் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். அந்தப் பிள்ளை என்பது நான்தான். பள்ளிக்கூட விழாவில் முப்பது குறளை ஒரு சொல் தப்பாமல் ஒப்பித்ததால் எனக்கு ஊரில் ஒரு பேர் இருந்தது. என்ன பார்த்தாலும் கேட்டாலும் அப்படியே சொல்லுவாள், கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள் என்பார்கள். எனக்கும் சேர்த்து டிக்கெட் ஏற்பாடானது. நீதிபதி பதவி கிடைத்த மாதிரி நான் அந்த நாலு நாளும் தலையை நிமிர்த்தி நடந்தேன். அத்தை ஜெயித்துவிடுவாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போனோம். படம் அத்தை சொன்னதில் ஒரு நூல் பிசகாமல் ஓடியது. அந்தப் பெண் முதன்முதலில் மேடை ஏறும்போது செருப்பைக் கழற்றி வைப்பதைக்கூட அத்தை சொல்லியிருந்தாள். அதே மாதிரி கழற்றி வைத்தாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பெரிய வீட்டு அம்மா நிபந்தனை போட்டாள். பந்தல் போட்டார்கள். மேளக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அந்த இடத்தில் அத்தை என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எந்திரி. பஸ் போயிரும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இழுத்துக்கொண்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டமும் நடையுமாகக் கூட்டிப்போனாள். எங்கள் ஊருக்கு உள்ளே வரும் கடைசி பஸ் ஐந்தேகாலுக்கு. அதை விட்டால் ஆறரைக்கு ஒன்று. அது விலக்கில் இறக்கிவிட்டுப் போய்விடும். இருட்டில் மூன்று கிலோமீட்டர் தனியாக நடந்து வருவதானால் டவுனுக்கே போக வேண்டாம் என்பது அப்பா போட்ட கட்டளை. மேட்னி முடிவதோ ஐந்தரைக்கு. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பஸ் கிளம்பிய பிறகுதான் இந்தக் கணக்கு என் மண்டைக்குள் இறங்கியது.

"அத்தே, நீ எந்தப் படமாச்சும் முடிய பாத்துருக்கியா?"

அத்தை கொஞ்சம் யோசித்தாள். "நம்மூரு கொடையில தெர கட்டிச் சாமி படம் போட்டாம்லா, அது" என்றாள். பிறகு, "அதுலயும் கரண்டு போயிட்டு" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை பொய் சொல்லியிருக்கிறாள் என்பதற்காக அல்ல. நாளைக்கு ஜன்னலில் நின்று நான் என்ன சொல்வது? அதைத்தான் கேட்டேன். அத்தை வெளியே பார்த்துக்கொண்டு, நீ பார்த்ததைச் சொல்லு என்றாள். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை, கடலைமிட்டாய் வாங்கித் தரவில்லை. உழுது போட்ட கரிசல் காடு ஜன்னலில் ஓடிக்கொண்டே இருந்தது. பாதி தூரம் வந்த பிறகு எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்போ அவ வேன்ல போகலையா?"

அத்தை திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற பார்வை.

"போவாம? அவ்வளவு பாட்டுப் பாடுனவ அங்கனயேவா நிப்பா?"

திங்கட்கிழமை பள்ளிக்கூட மணி அடித்ததும் ஓடினேன். நாற்பது பெண்களும் கையை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கணக்கப்பிள்ளை பேனாவைக் காதில் செருகிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். டவுன் மதினி எழுந்து ஜன்னலுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டாள். அத்தை மட்டும் குனிந்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குறள் ஒப்பிக்கிற குரலில் ஆரம்பித்தேன். பந்தல் போட்டதைச் சொன்னேன், மேளக்காரர்கள் உட்கார்ந்ததைச் சொன்னேன். அதுவரைக்கும் பார்த்தது. அந்த இடத்தில் ஒரு வினாடி நின்றேன். பிறகு போன் வந்தது என்றேன். அங்கிருந்து நிற்கவே இல்லை. கொடையில் ஜனங்கள் நாற்காலியைத் தூக்கினார்கள், அவள் கூறைப்புடவையோடு வந்தாள், மாப்பிள்ளையைக் கையைக் காட்டி நிறுத்தினாள், பாடினாள். வேன் வந்தது. என்ன நிற வேன் என்று யாரும் கேட்கவில்லை. நானே நீல வேன் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே? கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்ற மாமியாக்காரி, பாட்டு முடிந்ததும் தன்னையறியாமல் கைதட்டிவிட்டு, பிறகு வெட்கப்பட்டுக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள் என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

அத்தை படக்கென்று தலையை நிமிர்த்தினாள். அது அவள் சொன்ன கதையில் இல்லாத விஷயம்.

எல்லோரும் டவுன் மதினியைப் பார்த்தார்கள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாளோ, என் உள்ளங்கையில் கம்பித் துரு வேர்வையில் கரைந்து ஒட்டியது.

"கைதட்டுனாளா?" என்று கேட்டாள்.

"தட்டுனா. நான் பாத்தேன்."

அவள் தன் சட்டத்துக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். ஒரு குச்சியை எடுத்துப் பள்ளத்தில் வைத்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"நீல வேனுதான். இப்பம் ஞாபகம் வருது. அந்நேரம் பாத்து எம்பிள்ள அழுதான்னு நான் தூக்கிக்கிட்டு வெளிய போயிட்டேன். முடிவ எங்கக்காதான் சொன்னா. அவ சொன்னத நம்பி நான் பேசிட்டேன்."

"பின்ன? பிள்ளைய வச்சுக்கிட்டு என்னத்தப் படம் பாக்க" என்றாள் சுவர் பக்கத்தில் ஒருத்தி. ஜன்னல் பக்கத்தில் ஒருத்தி, கைப்பிள்ளைக்காரிக்கு எங்கே முழுப் படம் வாய்க்கும் என்று உச்சுக்கொட்டினாள். கணக்கப்பிள்ளைக்குத் திடீரென்று இருமல் வந்து கொட்டகைப் பக்கம் போய்விட்டார். தீர்ப்பு ஆனது. குச்சி அடுக்கும் சத்தம் மறுபடி கேட்டது. வீட்டுக்கு வரும் வழியில் அத்தை என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். அதற்கு முன்னால் என் பையை அவள் தூக்கியதே இல்லை.

என் வெற்றியை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. சாப்பிடும்போது அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அப்பாவுக்குச் சினிமா ஆகாது. அவருக்கு ஹாக்கி. மே மாதம் கோவில்பட்டியில் போட்டி நடந்தால் ஆட்டை ஊராரிடம் ஒப்படைத்துவிட்டு எல்லா நாளும் மைதானத்தில் கிடப்பார். எந்த அணிக்கு மட்டை நெளிவு தெரியும், எந்த அணிக்கு ஓடத்தான் தெரியும் என்று அவர் பேச ஆரம்பித்தால் டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிடுவார். நான் சொன்ன அத்தனையிலும் அவர் காதில் ஏறியது ஒன்றே ஒன்று. தங்கை இத்தனை வருஷமாகக் கடைசி அரைமணி நேரத்தைப் பார்த்ததே இல்லை.

"ஆட்டம் முடியுமுன்ன எந்திரிச்சு வாரதா?" என்று கேட்டார். கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிறகு, இனிமேல் முழுசாகப் பார்த்துவிட்டு ஆறரை பஸ்ஸிலேயே வரட்டும், விலக்குக்கு நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறேன் என்று அவராகவே சொன்னார். என் அப்பா தான் போட்ட கட்டளையைத் தானே எடுத்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

அடுத்த படத்துக்கு என்னையும் அனுப்பினார்கள். நீதிபதி அல்லவா. அது கலெக்டருக்குப் படிக்கும் ஒரு பெண்ணின் கதை. ஐந்து மணி நெருங்கியது. அவளுக்குப் பரீட்சை நாளும் நிச்சயதார்த்தமும் ஒரே தேதியில் வந்து நின்றன. பக்கத்தில் அத்தை எழுந்துவிட்டாள்.

"அத்தே, இன்னைக்கு ஆறரை பஸ்ஸு! அப்பா விலக்குக்கு வருவாவ!" என்று முந்தானையைப் பிடித்தேன். மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"தெரியும். நீ இருந்து பாரு. நான் வாசல்ல நிக்கேன்" என்று சொல்லிவிட்டு, முட்டிகளை விலக்கிக்கொண்டு போய்விட்டாள்.

தனியாக உட்கார்ந்து நான் முடிவைப் பார்த்தேன். வெளியே வந்தால் அத்தை கடலைமிட்டாய்க் கடை ஓரத்தில் நிற்கிறாள். கையில் பொட்டலம், கண் ரோட்டில். உதடு மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றது தெரிந்ததும் கேட்டாள்:

"என்னட்டி, செத்துட்டாளா, கல்யாணமா?"

"கல்யாணம்" என்றேன்.

"ம்" என்று சொல்லி ஒரு கடலைமிட்டாயை என் கையில் வைத்தாள். அவ்வளவுதான். விலக்கில் சொன்னபடி அப்பா நின்றார். மூன்று பேரும் அப்பாவின் மொபட்டில் போகும்போது, இன்றைக்காவது முழுசாகப் பார்த்தாயா என்று அப்பா கேட்டார். நல்ல படம்ணே, பதினாறு சட்டம் தாங்கும் என்றாள் அத்தை. மறுநாள் ஆபீசில் அத்தை சொன்ன கதையில் அந்தப் பெண் நிச்சயதார்த்தப் புடவையை மடித்து வைத்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் வந்த காரிலேயே ஏறிப் பரீட்சைக்குப் போனாள். மாப்பிள்ளையின் அப்பாதான் காரை ஓட்டினார். நான் ஜன்னலில் நின்று, அதை என் கண்ணாலேயே பார்த்த மாதிரி தலையாட்டினேன். அத்தைக்குப் பஸ் பிடிக்கிற பழக்கம் காலில் ஊறிவிட்டது, அதனால்தான் ஐந்து மணிக்கு எழுந்துவிடுகிறாள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு தீபாவளிக்கு அந்தப் பாட்டுக்காரி படத்தை டிவியில் போட்டார்கள். அரசாங்கம் கொடுத்த டிவி அப்போதுதான் ஊருக்கு வந்திருந்தது. எங்கள் வீட்டு டிவியை முற்றத்தில் தூக்கி வைத்தோம். ஆபீஸ்காரிகள் பாதிப்பேர் வந்துவிட்டார்கள். பந்தல் போட்டார்கள், மேளம் வந்தது. போன் வரவில்லை. அவள் மாமியார் காலில் விழுந்து, மைக்கை உடைத்து, தாலிக்குக் கழுத்தை நீட்டினாள். படம் முடிந்துவிட்டது.

அத்தை அடுப்படிக்குள் இருந்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது டவுன் மதினிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"பாத்தியளா? விளம்பரம் போடணும்னு நல்ல எடத்தயெல்லாம் வெட்டிட்டான் டிவிக்காரன்."

"வேனே வரலியே" என்றாள் சுவர் பக்கத்துக்காரி.

"மாமியாக்காரி கைதட்டுததும் இல்ல. அதுதான் படமே" என்றாள் ஜன்னல் பக்கத்துக்காரி.

டிவிக்காரனை எல்லோரும் சேர்ந்து ஏசித் தீர்த்தார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நான் கண்டுபிடித்த கைதட்டல்தான் படமே என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். என் நெஞ்சு இத்தனை பெரிதாகிவிட்டது. அந்தப் பூரிப்பில் டவுன் மதினி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் மடியில் அவள் பையன் அதிரசத்தைச் சப்பிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு வயது நிறைந்து, போன வாரம்தான் முடி எடுத்திருந்தார்கள். அந்த மொட்டைத் தலையைத் தடவி, அவன் கன்னத்தைக் கிள்ளினேன்.

"நீதானல அன்னைக்குத் தியேட்டர்ல அழுது ஒங்கம்மைய முடிவு பாக்க விடாம ஆக்குனவன்?" என்று கேட்டேன்.

முற்றம் முழுக்க ஒரு சிரிப்புக் கிளம்பியது. சுவர் பக்கத்துக்காரி ஜன்னல் பக்கத்துக்காரியின் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். டவுன் மதினி கண்ணில் நீர் வரச் சிரித்து, பிள்ளையின் மொட்டைத் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அடுப்படிக்குள்ளிருந்தும் சிரிப்பு வந்தது. என் அத்தை அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. நான் அவ்வளவு நன்றாகப் பேசிவிட்டேன் என்று நினைத்து, அவன் கன்னத்தை இன்னொரு தடவை கிள்ளினேன்.